ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் மக்கர் செய்யும் லேப்டாப் டச் ஸ்கிரீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூடியைத் திறந்ததும் படம் வருகிறது, கீபோர்டு வேலை செய்கிறது, விரலுக்கு மட்டும் திரை அசைந்து கொடுப்பதில்லை. இல்லையென்றால் யாரும் தொடாமலே திரை எதையெதையோ திறந்து மூடுகிறது. இரண்டுக்கும் உடனே டிரைவரை, அதாவது சாதனத்தை விண்டோஸுடன் பேசவைக்கும் மென்பொருளை, குறை சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது அவசர முடிவு. பதில்கள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். லினக்ஸுக்குத் தனிக் கேள்வி ஒன்று உண்டு. தொடங்குமுன் மவுஸ் ஒன்றைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் டச்பேடும் சேர்ந்து நின்றுபோக வாய்ப்பு உண்டு.

படம் நன்றாகத் தெரிகிறதே, தொடுதல் மட்டும் ஏன் போகிறது?

டச் ஸ்கிரீன் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய இரண்டு சாதனங்கள். படம் காட்டும் பலகை கிராபிக்ஸ் சிப்புடன் பேசுகிறது. அதன் மேலிருக்கும் தொடு அடுக்குக்கு எலான், குடிக்ஸ், வாகோம் போன்ற நிறுவனங்கள் செய்யும் தனி கன்ட்ரோலர் சிப் உண்டு. அது ஐ2சி என்ற மெல்லிய தொடர்பு வழியாகவோ, உள்ளுக்குள் ஓடும் யூஎஸ்பி வழியாகவோ மதர்போர்டுடன் பேசும்.

ஸ்லீப்புக்குப் போகும்போது விண்டோஸ் அந்தச் சிப்பிடம் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. விழிக்கும்போது எழுந்திரு என்கிறது. சிப் தன்னை ரீசெட் செய்துகொண்டு, விண்டோஸின் கவனத்தைக் கூப்பிடும் இன்டரப்ட் கம்பி வழியாக 'நான் தயார்' என்று பதில் தர வேண்டும். சிப் தயாராகுமுன் விண்டோஸ் கேள்வி கேட்டாலோ, மின்சாரம் முழுதாக நிற்காமல் சிப் பழைய நிலையிலேயே அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருந்தாலோ அந்தப் பதில் வராது. விண்டோஸ் சாதனத்தைக் கைவிட்டுவிடும். படத்துக்கான பாதை வேறு என்பதால் படத்துக்கு ஒன்றும் ஆவதில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

எதையும் அழிக்காமல், எதையும் நிறுவாமல் முதலில் ஒரு சோதனை. 'ஸ்லீப்புக்குப் பிறகு' என்று நாம் சொல்லும் நேரத்தில் மூன்று காரியங்கள் நடந்திருக்கக்கூடும். மூடி மடங்கி விரிந்திருக்கிறது. மின்சாரம் குறைந்து ஏறியிருக்கிறது. பல சமயம் சார்ஜரும் கழற்றப்பட்டோ செருகப்பட்டோ இருக்கிறது. இவற்றில் எது குற்றவாளி என்று தெரியாமல் டிரைவரில் கைவைத்தால் நாள் முழுக்கப் போகும்.

முதல் சோதனையில் மூடியைத் தொடவே கூடாது. ஸ்டார்ட் மெனுவில் பவர், அதில் ஸ்லீப். இரண்டு நிமிடம் கழித்து ஒரு கீயை அழுத்தி எழுப்புங்கள். தொடுதல் போயிருந்தால் சிக்கல் மின்சாரக் கட்டுப்பாட்டிலோ டிரைவரிலோ ஃபர்ம்வேரிலோ (சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) இருக்கிறது.

அடுத்து, கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியைச் சாத்தினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் 'டூ நத்திங்' என்று வையுங்கள். இப்போது மூடினாலும் லேப்டாப் தூங்காது. இரண்டு நிமிடம் மூடி வைத்துத் திறங்கள். முதல் சோதனையில் தப்பித்த தொடுதல் இதில் போனால் ஸ்லீப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கீல் வழியாகப் போகும் கேபிள், மூடி திறந்திருப்பதை உணரும் சென்சார், திரையை அழுத்தும் ஏதோ ஒன்று என்று தேடல் வன்பொருள் பக்கம் திரும்ப வேண்டும்.

இரண்டு சோதனைகளையும் சார்ஜருடன் ஒருமுறை, பேட்டரியில் ஒருமுறை செய்யுங்கள். மொத்தம் கால் மணி நேரம் ஆகும். கீழே உள்ள எந்தக் கேள்வி உங்களுக்கானது என்பதை இதுதான் சொல்லும்.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. ஷட் டவுன் செய்து மறுபடி போட்டால் சரியாகவில்லை. தலைகீழாக இருக்கிறதே?

காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயங்கும்போது ஷட் டவுன் முழு ஷட் டவுன் அல்ல. உங்கள் கணக்கு மூடப்படும். விண்டோஸின் மையப் பகுதியும் டிரைவர்களின் நிலையும் டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எடுத்துப் போடப்படும். கெட்டுப்போன நிலை இருந்தால் அதுவும் கூடவே திரும்பி வரும். ரீஸ்டார்ட்டில் இந்தக் குறுக்கு வழி கிடையாது, எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் அந்த ஒருமுறை முழுதாக அணையும். நிரந்தரமாக நிறுத்த, பவர் ஆப்ஷன்ஸில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தைத் திறந்து, பூட்டியிருக்கும் அமைப்புகளை மாற்ற அனுமதி கொடுத்து, 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி உள்ள கணினியில் இழப்பு சில நொடிகள்தான். தொடுதிரைச் சிக்கல் உள்ளவர்கள் இதை நிறுத்தி வைப்பதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. சிக்கலைத் தேடும்போதாவது நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் எந்த மாற்றம் பலித்தது என்றே தெரியாது.

ரீஸ்டார்ட் செய்யாமல் தொடுதலை உடனே மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். விண்டோஸ் கீயுடன் எக்ஸ் அழுத்தி டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' என்பதை விரித்தால் 'எச்ஐடி கம்ப்ளையன்ட் டச் ஸ்கிரீன்' இருக்கும். அதன்மேல் வலது கிளிக் செய்து டிசேபிள் கொடுங்கள். ஐந்து நொடி பொறுத்து எனேபிள்.

வரவில்லையா? நீங்கள் தட்டியது மேல்மட்டச் சாதனம், அதன் தாய்ச் சாதனம் இன்னும் உறங்குகிறது. வியூ மெனுவில் 'டிவைசஸ் பை கனெக்ஷன்' என்று மாற்றினால் தொடுதிரை எதன் கீழ் தொங்குகிறது என்று தெரியும். அநேகமாக 'ஐ2சி எச்ஐடி டிவைஸ்' என்றோ 'யூஎஸ்பி இன்புட் டிவைஸ்' என்றோ இருக்கும். அதை டிசேபிள் செய்து எனேபிள் செய்யுங்கள். டச்பேடுக்கும் இதே பெயரில் இன்னொன்று இருக்கலாம். எதன் கீழ் டச் ஸ்கிரீன் இருக்கிறது என்று பார்த்துத் தொடுங்கள்.

அன்இன்ஸ்டால் செய்து 'ஸ்கேன் ஃபார் ஹார்ட்வேர் சேஞ்சஸ்' கொடுக்கும் வழியும் உண்டு. அப்போது டிரைவரையும் நீக்கவா என்று ஒரு டிக் பெட்டி கேட்டால் அதில் டிக் போடாதீர்கள்.

டிவைஸ் மேனேஜரில் டச் ஸ்கிரீனே இல்லை. அல்லது மஞ்சள் குறி தெரிகிறது.

முதலில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட். அங்கே 'பென் அண்ட் டச்' என்ற வரியில் பத்து தொடுபுள்ளிகளுக்கு ஆதரவு என்பது போல எழுதியிருந்தால் விண்டோஸுக்கு திரை தெரிகிறது. பேனாவோ தொடுதலோ இல்லை என்று இருந்தால் அதற்குச் சாதனமே தெரியவில்லை. டிவைஸ் மேனேஜரின் வியூ மெனுவில் மறைந்த சாதனங்களையும் காட்டச் சொல்லுங்கள். மங்கலான எழுத்தில் வந்தால் விண்டோஸுக்குப் பழைய ஞாபகம் இருக்கிறது, ஆள் இப்போது இல்லை.

மஞ்சள் குறி ஐ2சி எச்ஐடி டிவைஸ் மேல் இருந்து, ப்ராப்பர்டீஸில் கோடு 10 என்றும் எச்ஐடி டிஸ்கிரிப்டருக்கான கோரிக்கை தோற்றது என்றும் எழுதியிருந்தால், விண்டோஸ் 'நீ யார்' என்று கேட்டிருக்கிறது, சிப் வாயே திறக்கவில்லை. யூஎஸ்பி வகைத் திரைகளில் கோடு 43 வரும். சாதனம் தானே கோளாறு என்று அறிவித்ததாக அதற்குப் பொருள்.

இந்த நிலையில் ரீஸ்டார்ட்கூடச் சில நேரம் போதாது, ஏனென்றால் ரீஸ்டார்ட்டில் சிப்புக்குப் போகும் மின்சாரம் நிற்காமல் இருக்கலாம். முழு ஷட் டவுன் செய்து, சார்ஜரையும் மற்ற எல்லா இணைப்புகளையும் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் செருகிப் போடுங்கள். தேங்கிய மின்சாரம் வடிந்து, கன்ட்ரோலர் புதிதாகப் பிறந்தது போல எழும். லேப்டாப் மாடலுக்கு மாடல் இந்த நேரம் மாறும், அதன் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இன்னொரு துப்பு: டச்பேடும் கூடவே போயிருந்தால், இரண்டும் ஐ2சி வகையாக இருக்கும்பட்சத்தில், சந்தேகம் திரைமேல் அல்ல. இரண்டுக்கும் பொதுவான ஐ2சி ஹோஸ்ட் கன்ட்ரோலர்மேல்தான் விழ வேண்டும். இன்டெல் லேப்டாப்களில் இது 'சீரியல் ஐஓ' என்ற பெயரில் இருக்கும்.

'அலவ் த கம்ப்யூட்டர் டு டர்ன் ஆஃப் திஸ் டிவைஸ்' டிக்கை எடுக்கச் சொல்கிறார்களே, பயன் உண்டா?

யூஎஸ்பி வகைத் திரைகளில் நல்ல பயன் உண்டு. தாய்ச் சாதனத்தின் ப்ராப்பர்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் என்ற தாவலில் அந்த டிக் இருக்கும். எடுத்துவிடுங்கள், அது தொங்கும் யூஎஸ்பி ரூட் ஹப்பிலும் எடுங்கள். பவர் பிளானின் அட்வான்ஸ்டு அமைப்புகளில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதையும் டிசேபிள் செய்யுங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், யூஎஸ்பி என்று போனால் திரை அணைந்ததும் யூஎஸ்பி சாதனங்களை நிறுத்தும் ஒரு சுவிட்ச் இருக்கும். அதையும் அணைத்துவிடுங்கள். பேட்டரி சற்று சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான்.

எனக்கு அந்தத் தாவலே இல்லை.

உங்கள் லேப்டாப் மாடர்ன் ஸ்டாண்ட்பை வகையாக இருக்கலாம். உறுதிசெய்ய கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர் என்பதோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி ஒரே சொல்லாகத் தட்டி, இடைவெளி விட்டு, ஸ்லாஷ், ஏ என்று கொடுங்கள். 'எஸ்3' இருப்பதாக வந்தால் பழைய பாணி ஸ்லீப்: நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம், பிராசஸர் அணைந்துவிடும். 'எஸ்0 லோ பவர் ஐடில்' என்று வந்தால் புதிய பாணி: கணினி அணைவதே இல்லை, போன் போல அரைத்தூக்கத்தில் கிடக்கும்.

புதிய பாணியில் சாதனங்களின் தூக்கத்தை ஃபர்ம்வேரும் டிரைவரும் சேர்ந்து நடத்துகின்றன, பயனருக்குச் சுவிட்ச் குறைவு. இரண்டு நிமிடத் தூக்கத்தில் எல்லாம் சரியாக இருந்து, இரவு முழுக்க விட்டால் மட்டும் தொடுதல் போவதும் இந்த வகையில் நடக்கும். கணினி நேரம் ஆக ஆக ஆழமான நிலைக்கு இறங்குகிறது, பிறகு தானாக ஹைபர்னேட்டுக்கும் போகக்கூடும். அதனால் இந்த வகையில் முதல் சோதனையை இரண்டு மணி நேர இடைவெளியிலும் ஒருமுறை செய்து பாருங்கள். ரிஜிஸ்ட்ரியை மாற்றி எஸ்3க்குத் திருப்பும் யோசனைகள் உலவுகின்றன. ஃபர்ம்வேர் அதை ஆதரிக்காத கணினியில் செய்தால் ஸ்லீப்பே இல்லாமல் போகும். நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

எந்த டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும்? என்னுடையதில் தேதி 2006 என்று காட்டுகிறது!

பயப்பட வேண்டாம். விண்டோஸுடன் வரும் டிரைவர்கள் எல்லாவற்றிலும் 2006 ஜூன் 21 என்றே தேதி இருக்கும். லேப்டாப் நிறுவனம் தரும் டிரைவர் எப்போதும் புதியதாகக் கருதப்பட வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே வைத்த தேதி அது. டச் ஸ்கிரீன் பதிவின்மேல் 'அப்டேட் டிரைவர்' கொடுப்பதால் பெரும்பாலும் எதுவும் நடக்காது, ஏனெனில் அந்த டிரைவர் விண்டோஸின் சொந்தச் சரக்கு.

பலன் தருவது அதற்குக் கீழே உள்ளவை. லேப்டாப் நிறுவனத்தின் ஆதரவுத் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, பயாஸ் (கணினி போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை ஃபர்ம்வேர்), சிப்செட், சீரியல் ஐஓ, பிறகு டச் பேனல் ஃபர்ம்வேர் என்று ஏதாவது இருந்தால் அது, இந்த வரிசையில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ரீஸ்டார்ட் செய்து, அந்த முதல் சோதனையை மறுபடி செய்யுங்கள். பயாஸும் டச் ஃபர்ம்வேரும் போடும்போது சார்ஜர் செருகியிருக்க வேண்டும். நடுவில் அணைந்தால் திரும்பி வராத சேதம் நேரலாம். பக்கத்து மாடலின் டச் ஃபர்ம்வேரைப் போட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள்; ஒரே லேப்டாப்பில்கூட இரு நிறுவனப் பேனல்கள் வருவது உண்டு.

நேற்றுவரை சரியாக இருந்து ஒரு அப்டேட்டுக்குப் பிறகு கெட்டிருந்தால், ப்ராப்பர்டீஸின் டிரைவர் தாவலில் 'ரோல் பேக்' செயல்படும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுந்ததும் சில நொடி திரை தானாகவே தட்டுகிறது. பேய் பிடித்த மாதிரி.

தொடு அடுக்கு மின்தேக்கத்தின் மாற்றத்தை அளக்கிறது. மாற்றம் என்றால் எதிலிருந்து? கன்ட்ரோலர் விழித்ததும் யாரும் தொடவில்லை என்ற நம்பிக்கையில் ஓர் அடிநிலையை அளந்து வைத்துக்கொள்கிறது. அந்த நொடியில் உங்கள் கட்டைவிரல் திரையின் ஓரத்தில் பதிந்திருந்தால், திரையில் ஈரம் இருந்தால், அளவு தப்பாகிவிடும். பிறகு விரலை எடுத்ததும் அந்த இடம் செத்துக் கிடக்கும், அல்லது தானாகத் தட்டும்.

மருந்து எளிது. ஸ்லீப்பில் போட்டு, திரையை உலர்ந்த மென்துணியால் துடைத்து, பத்து நொடி கழித்து மூடியின் சட்டத்தை மட்டும் பிடித்து எழுப்புங்கள். தடித்த பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டும் சோதியுங்கள்.

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் பேய்த் தட்டல் வந்தால் சார்ஜரிலிருந்து வரும் மின்னிரைச்சல்தான் காரணம். மூன்று முனை பிளக் உள்ள சார்ஜரை எர்த் இணைப்பு சரியாக இருக்கும் சாக்கெட்டில் செருகுங்கள். வாட் அளவு பொருந்தும் வேறொரு நல்ல சார்ஜரால் அது அடங்கினால் டிரைவர் நிரபராதி.

எப்போதும் ஒரே இடத்தில், ஒரே நேர்கோட்டில் தட்டினால் நிலைமை வேறு. அடுக்கிலோ அதன் கேபிளிலோ சேதம் இருக்கிறது, எந்த அமைப்பும் அதை மாற்றாது.

விரல் வைத்தது ஓரிடம், வேலை நடப்பது வேறிடம்.

வெளி மானிட்டர் இணைந்திருக்கிறதா? விழிக்கும்போது திரைகளின் வரிசை மாறி, தொடுதல் அடுத்த மானிட்டருக்குப் போயிருக்கும். கன்ட்ரோல் பேனலில் 'டேப்லெட் பிசி செட்டிங்ஸ்' திறந்து செட்அப் அழுத்தினால் ஒரு திரையில் தொடச் சொல்லி எழுத்து வரும். லேப்டாப் திரையில் வந்தால் தொடுங்கள், மற்றதில் வந்தால் என்டர் தட்டுங்கள். ஒரே திரையில் விலகல் இருந்தால் அதே இடத்தில் உள்ள ரீசெட்டைக் கொடுங்கள். கேலிப்ரேட் செய்யப் போகாதீர்கள். பழைய தவறான கேலிப்ரேஷன்தான் பல நேரம் விலகலுக்கே காரணம்.

எல்லாம் செய்தும் தினமும் டிசேபிள், எனேபிள் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த வேலையை விண்டோஸிடமே கொடுத்துவிடலாம். டாஸ்க் ஷெட்யூலரில் புதிய டாஸ்க் ஒன்றைத் தொடங்கி, 'ரன் வித் ஹையஸ்ட் ப்ரிவிலேஜஸ்' டிக் செய்யுங்கள். ட்ரிகராக 'ஆன் அன் ஈவென்ட்' தேர்ந்து, லாக் சிஸ்டம் என்று வையுங்கள். எஸ்3 கணினிக்கு சோர்ஸ் பவர் ட்ரபிள்ஷூட்டர், ஈவென்ட் எண் 1. மாடர்ன் ஸ்டாண்ட்பைக்கு சோர்ஸ் கெர்னல் பவர், எண் 507. 506 என்பது தூங்கப் போவதற்கான எண், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆக்ஷனில் பிஎன்பியூட்டில் என்ற விண்டோஸ் நிரலைக் கொடுத்து, அதற்கு 'ரீஸ்டார்ட் டிவைஸ்' என்ற கட்டளையும் உங்கள் தாய்ச் சாதனத்தை அடையாளம் காட்டும் இன்ஸ்டன்ஸ் பாத்தும் தர வேண்டும். அந்தப் பாத் ப்ராப்பர்டீஸின் டீடெயில்ஸ் தாவலில் கிடைக்கும். மேற்கோள் குறிக்குள் வையுங்கள். இந்தக் கட்டளை விண்டோஸ் 10இன் 2004 பதிப்பு முதல்தான் உண்டு. பலரும் தவறவிடும் இடம் கண்டிஷன்ஸ் தாவல். மின் இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற டிக் அங்கே முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். அதை எடுக்காவிட்டால் பேட்டரியில் டாஸ்க் ஓடாது.

இது ஒட்டுப்போடும் வேலைதான், மறுக்கவில்லை. உற்பத்தியாளர் ஃபர்ம்வேரைத் திருத்தும்வரை நிம்மதி தரும்.

ஸ்லீப்பை விட்டுவிட்டு ஹைபர்னேட்டுக்கு மாறலாமா?

தாராளமாக. ஹைபர்னேட்டில் நினைவகத்தை டிஸ்க்கில் எழுதிவிட்டுக் கணினி அணைகிறது, கன்ட்ரோலருக்கும் மின்சாரம் நிற்கிறது, விழிக்கும்போது அது முதலிலிருந்து தொடங்குகிறது. எழ சில நொடி கூடுதலாகும்.

விண்டோஸை மறுபடி நிறுவினால் தீருமா?

அபூர்வமாக. அதற்கு முன் ஒரு பென் டிரைவிலிருந்து நிறுவாமலே இயங்கும் லினக்ஸைப் போட்டுத் தொட்டுப் பாருங்கள். அங்கேயும் தொடுதல் இல்லையென்றால் விண்டோஸைத் துடைத்து எழுதுவதால் உங்கள் கோப்புகளுக்குத்தான் ஆபத்து.

லினக்ஸில் இதே சிக்கல். என்ன செய்வது?

லினக்ஸின் மையப் பகுதி எழுதும் கெர்னல் பதிவைப் பாருங்கள். ஐ2சி எச்ஐடி என்ற பெயருடன் சாதனத்தை ரீசெட் செய்ய முடியவில்லை என்ற வரி விழித்த நேரத்தில் இருந்தால், மேலே சொன்ன 'எழுந்திரு, நான் தயார்' என்ற பேச்சுதான் தோற்றிருக்கிறது. ஐ2சி எச்ஐடி ஏசிபிஐ என்ற மாட்யூலை (கெர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய டிரைவர்) நீக்கி மறுபடி ஏற்றினால் திரும்பும். டச்பேடும் அதே மாட்யூலில் இருந்தால் சில நொடி அதுவும் போய் வரும். பலித்தால் நீக்கும், ஏற்றும் அந்த இரண்டு கட்டளைகளையும் சிஸ்டம்டி என்ற, லினக்ஸின் சேவைகளை நடத்தும் நிரலின் சிஸ்டம் ஸ்லீப் கோப்புறையில் ஒரு ஸ்கிரிப்டாக வையுங்கள். தூங்குமுன் 'ப்ரீ' என்றும் விழித்ததும் 'போஸ்ட்' என்றும் சொல்லி அதை சிஸ்டம்டி அழைக்கும்: ப்ரீயில் நீக்குங்கள், போஸ்ட்டில் ஏற்றுங்கள். ஸ்கிரிப்டுக்கு இயங்கும் அனுமதி கொடுக்க மறக்காதீர்கள்.

மூடிச் சோதனையில்தான் தோற்கிறது. பழுது பார்ப்பவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

'ஸ்லீப்பில் பிரச்சினை' என்று சொல்லாதீர்கள். விண்டோஸை மாற்றி எழுதித் தருவார். ஸ்லீப் இல்லாமல் மூடித் திறந்தாலே போகிறது என்று சொல்லுங்கள், செய்தும் காட்டுங்கள். திரையை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கும்போது எந்தக் கோணத்தில் தொடுதல் வந்து போகிறது என்று குறித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. அவர் முதலில் பார்க்க வேண்டியது கீலைக் கடக்கும் டச் கேபிளும் அதன் இரு முனைக் கனெக்டர்களும். பல லேப்டாப்களில் கேபிளை மட்டும் மாற்றலாம். பேனல் முழுவதையும் மாற்றச் சம்மதிக்குமுன் கேபிளைக் கழற்றிச் செருகிச் சோதித்தாரா என்று கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. மூடி சரியாகச் சாத்தவில்லை, டச்பேடு மேலெழும்பியிருக்கிறது, அடிப்பாகம் மேசையில் ஆடுகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கலாம். மூடும்போது அது திரையை அழுத்துவதாலேயே தொடுதல் கெட்டிருக்கவும் கூடும். சார்ஜரைப் பிடுங்கி, கணினியை அணைத்து, பேட்டரியை அழுத்தாமல், குத்தாமல், தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள். தொடுதலை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.